ஐம்பத்தைந்தாம் பிரிவின் அரை மணி நேரம்

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஒரு கம்பி ஆலையில் மெயின்டனன்ஸ் பிட்டராகச் சேர்ந்தேன். ரோலிங் மில் ஷெட்டுக்குள் பேச்சே கிடையாது, எல்லாம் கைச் சைகைதான். பழுக்கக் காய்ந்த பில்லெட் ஃபர்னஸிலிருந்து வெளியே வந்து, ஒவ்வொரு ஸ்டாண்டாக நுழைந்து மெலிந்து நீண்டு ஓடும். கியர்பாக்ஸ் உறுமும். ஷியர் வெட்டும்போது காலடியில் தரை அதிரும். கோபிள் ஆகிவிட்டால், அதாவது கம்பியின் நுனி அடுத்த ஸ்டாண்டுக்குள் போகாமல் வெளியே எகிறிவிட்டால், சிவந்த இரும்பு ஆள் உயரத்துக்குச் சுருண்டு எழும். அந்த இரைச்சல் செய்த கெடுதலை நான் குறைத்துச் சொல்லமாட்டேன். என்னோடு வேலை பார்த்தவர்களில் பலர் இன்று பேரப்பிள்ளைகள் பேசுவது கேட்காமல் கையைக் காதருகே குவித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள்.

இன்று அதே பேட்டையின் புதிய ஆலைகளில் ஆபரேட்டர் பல்பிட்டுக்குள் உட்கார்ந்திருக்கிறார். கண்ணாடி அறை, ஏசி, எதிரே வரிசையாகத் திரைகள். ஷெட்டின் சத்தம் உள்ளே பாதிகூட வராது. சட்டை நனையாது, கையில் கிரீஸ் ஒட்டாது. ஆனால் ஷிப்ட் முடிந்து கேட்டைத் தாண்டி வரும் பிள்ளைகளின் முகங்களைப் பார்க்கிறேன். எங்களைவிட அதிகம் களைத்திருக்கிறார்கள். இரைச்சலில் வேலை பார்த்த எங்களுக்கு இடைவேளை அமைதியாகக் கிடைத்தது. அமைதியில் வேலை பார்க்கும் இவர்களுக்கோ இடைவேளைதான் இரைச்சலாக இருக்கிறது.

அந்த இடைவேளையை எங்களுக்கு வாங்கிக் கொடுத்தது 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின் 55ஆம் பிரிவு. தொடர்ந்து ஐந்து மணி நேரத்துக்கு மேல் யாரையும் வேலை வாங்கக் கூடாது, நடுவே குறைந்தது அரை மணி நேரம் ஓய்வு விட வேண்டும் என்றது அது. 150 பேருக்கு மேல் வேலை செய்யும் ஆலையில் ஓய்வறை இருக்க வேண்டும் என்றது 47ஆம் பிரிவு. சங்கத்துக்காரர்கள் கேட் மீட்டிங்கில் இவற்றை எங்களுக்கு வரிக்கு வரி விளக்குவார்கள். உடம்பு ஓயத்தான் அந்த அரை மணி என்றே எல்லோரும் நினைத்திருந்தோம். மூளையைப் பற்றி யாரும் பேசவில்லை, பேச வேண்டிய தேவையும் வரவில்லை. உடம்பு படுத்தால் மூளையும் கூடவே படுத்துக்கொண்ட காலம் அது.

ஷெட்டுக்குப் பின்னால் காம்பவுண்டுச் சுவரை ஒட்டிப் புங்க மரங்கள் இருந்தன. தூக்குவாளிச் சோற்றைத் தின்றுவிட்டு, தோளில் கிடக்கும் துண்டை விரித்து மரத்தடியில் சாய்வோம். தூங்குகிறவர்கள் தூங்குவார்கள். மற்றவர்கள் கண்ணைத் திறந்தபடியே கிடப்பார்கள். இலை அசைவதைப் பார்ப்பது, ஹைவேயில் லாரி ஹாரன் கேட்பது, மகள் பள்ளிக்கூடச் செலவு ஞாபகத்துக்கு வருவது என்று நேரம் போகும். பக்கத்தில் இருப்பவரிடம் ஒரு வார்த்தை, பிறகு நீண்ட மௌனம்.

ரஃபிங் ஸ்டாண்டு ஒன்றில் கப்ளிங் புஷ் ஓயாமல் தேய்ந்துகொண்டிருந்த சமயம். புஷ் மாற்றினோம், பேரிங் மாற்றினோம், டயல் கேஜ் வைத்து மோட்டாரையும் கியர்பாக்ஸையும் நேர்க்கோட்டில் நிறுத்தினோம். சில நாள் ஓடும், மறுபடி தேயும். கம்பெனி ஆள் வந்து பார்த்துவிட்டுப் புஷ் தரம் சரியில்லை என்று சொல்லிவிட்டுப் போனார். எங்கள் ஃபோர்மேன் எளாவூர்ப் பக்கத்துக்காரர், வீட்டில் தெலுங்கு பேசுகிறவர். ஒரு மதியம் மரத்தடியில் மல்லாக்கப் படுத்திருந்தவர், எந்தப் பேச்சும் இல்லாத நேரத்தில் திடீரென்று எழுந்து உட்கார்ந்தார். “டேய், எல்லாம் ஆறினப்புறம்தானே அலைன்மென்ட் பாக்கறோம்? சூடா ஓடறப்போ ஷாஃப்ட் எங்க நிக்குதுன்னு யாருடா பாத்தா?” என்றார். அவ்வளவுதான் விஷயம். ஓடும்போது கியர்பாக்ஸ் சூடேறி விரிந்து ஷாஃப்டின் மையத்தை மேலே தூக்கிவிடுகிறது. ஆறிய நிலையில் நேராக நிறுத்தியது சூட்டில் கோணலாகிறது. அந்த உயர்வைக் கணக்கிட்டு மோட்டாரின் அடியில் ஷிம் வைத்து நிறுத்தினோம், தேய்மானம் நின்றது. டயல் கேஜைக் கையில் பிடித்துக்கொண்டிருந்தவரை அவருக்கு அது தோன்றவில்லை. கையில் எதுவும் இல்லாமல் படுத்திருந்தபோது தோன்றியது.

அது எப்படி என்பதற்கு விஞ்ஞானம் பிற்பாடுதான் ஒரு பெயர் வைத்தது. அமெரிக்காவில் செயின்ட் லூயிஸ் நகரத்து வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் மார்கஸ் ரெய்க்கிலும் அவரோடு இருந்தவர்களும் 2001-இல் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரை, மனிதன் வெறுமனே படுத்திருக்கும்போது மூளையின் சில பகுதிகள் கூடுதலாக வேலை செய்வதையும், வெளிவேலை ஒன்றில் கவனம் செலுத்தியதும் அதே பகுதிகள் அடங்குவதையும் எடுத்துக்காட்டியது. டீஃபால்ட் மோட் நெட்வொர்க் என்று அந்தப் பகுதிகளின் இணைப்பை இப்போது சொல்கிறார்கள். பழைய நினைவைப் புரட்டுவது, நாளைக்கு வரப்போவதை யோசிப்பது, அடுத்தவர் மனதில் என்ன இருக்கும் என்று எண்ணிப் பார்ப்பது, இவையெல்லாம் அந்தப் பகுதிகளோடு சேர்த்துப் பேசப்படுகின்றன. உடம்பின் எடையில் மூளை ஏறத்தாழ 2 சதவீதம்தான். ஓய்ந்திருக்கும் உடம்பு செலவழிக்கும் சக்தியிலோ ஐந்தில் ஒரு பங்கு அதற்குப் போகிறது. கணக்குப் போடும்போதும் சரி, கூரையைப் பார்த்துப் படுத்திருக்கும்போதும் சரி, அந்தச் செலவு பெரிதாக மாறுவதில்லை.

மெயின்டனன்ஸ்காரனுக்கு இது புதிய செய்தி அல்ல. மில் ஷட்டவுன் என்றால் புரொடக்ஷன் ஆட்களுக்கு விடுமுறை, எங்களுக்கு வருடத்திலேயே வேலை அதிகமான நாள். ரோல் மாற்றுவதும், ஃபர்னஸ் உள்பூச்சைச் சரிபார்ப்பதும், கேபிள் இழுப்பதும், ஆயில் வடிப்பதும் மில் ஓடும்போது நடக்காது. ஷட்டவுனைத் தள்ளிப்போட்டுக்கொண்டே போகும் முதலாளி லாபம் பார்ப்பது போலத் தெரியும், கொஞ்ச நாளைக்கு.

எங்களுக்கு அந்த ஷட்டவுன் மரத்தடியில் மட்டும் கிடைக்கவில்லை, ரயிலிலும் கிடைத்தது. திருவொற்றியூரில் யூனிட் வண்டி ஏறினால் கும்மிடிப்பூண்டிக்கு ஏறத்தாழ ஒரு மணி நேரம். எண்ணூர் தாண்டினால் முகத்துவாரத்து உப்புக்காற்று, அத்திப்பட்டில் அனல்மின் நிலையப் புகைபோக்கிகள், மீஞ்சூரில் ஏறும் காய்கறிக் கூடைகள், பொன்னேரியைக் கடந்ததும் ஆரணியாறு, பிறகு கவரைப்பேட்டை வரை நெல்வயல். தினமும் அதே காட்சி. சீட்டாடுகிறவர்கள் ஆடினார்கள், அரசியல் பேசியவர்கள் தொண்டை வறளப் பேசினார்கள். ஆனால் யாரும் முழு வழியும் பேசிக்கொண்டே வரவில்லை. மீஞ்சூருக்குப் பிறகு பெட்டியே ஒரு மாதிரி அடங்கிவிடும், ஆளாளுக்கு ஜன்னலைப் பார்த்துக்கொண்டு வருவோம். நைட் ஷிப்ட் முடிந்து திரும்பும்போது, வேலையில் நடந்த சண்டையெல்லாம் எண்ணூர் வருவதற்குள் மனதில் உட்கார்ந்து ஆறிவிடும். வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போது சண்டையை உள்ளே கொண்டு போகமாட்டோம்.

இப்போது அதே வண்டியில் போகிறேன். பெட்டி நிறைய மனிதர்கள், பெட்டி நிறையச் சத்தம், ஆனால் பேச்சு இல்லை. ஒருவர் போனில் பாட்டு, அடுத்தவர் போனில் நகைச்சுவைத் துண்டு, எதிரே ஒரு பெண்மணி சீரியல் பார்த்துக்கொண்டு வருகிறார். கால் நிமிடத்துக்கு ஒன்றாகப் படம் மாறுகிறது, கட்டைவிரல் மட்டும் அசைகிறது. பொன்னேரி வந்ததா என்று பக்கத்தில் கேட்டால், தலையைத் தூக்கிப் பார்த்துத்தான் சொல்ல வேண்டியிருக்கிறது.

இந்த மாற்றம் எந்த வருடம் வந்தது என்பதை எங்கள் ஊரில் துல்லியமாகவே சொல்லலாம். 2016 செப்டம்பர் 5ஆம் தேதி ஜியோ வந்தது. அதுவரை டேட்டாவை எண்ணி எண்ணிச் செலவு செய்தவர்களுக்கு ஒரே நாளில் இலவசம் என்றாகிவிட்டது. சிம் வாங்க பஜாரில் வரிசை நின்றது. அடுத்த சில வாரங்களில் கேன்டீனில் பேச்சு குறைந்ததை நானே பார்த்தேன்.

அதே வருடம் டிசம்பர் 12-இல் வர்தா புயல் கரையேறியது. சென்னையிலும் திருவள்ளூர் மாவட்டத்திலும் மின்கம்பங்கள் சாய்ந்தன, மரங்கள் வேரோடு விழுந்தன. எங்கள் தெருவில் பல நாட்கள் கரண்ட் இல்லை, போன் சார்ஜ் இல்லை, சார்ஜ் இருந்தாலும் சிக்னல் இல்லை. ஓடு பறந்த வீடுகள், குடிதண்ணீருக்கு அலைச்சல், கொசு. அதைப் பொற்காலம் என்று சொன்னால் அது பாவம். ஆனால் அந்த இரவுகளில் தெருவே வாசலுக்கு வந்து உட்கார்ந்தது. பேசிக் களைத்த பிறகும் யாரும் உள்ளே போகவில்லை, சும்மா இருட்டைப் பார்த்துக்கொண்டு இருந்தோம். எட்டு மணிக்கெல்லாம் கண்ணைச் சுழற்றியது. தூக்க மாத்திரை இல்லாமல் படுக்காத என் அக்கா, அந்த வாரம் மாத்திரை இல்லாமலே தூங்கினாள். கரண்ட் வந்த அன்று தெருவே கைதட்டியது, நானும் தட்டினேன். மறுநாள் மாத்திரை டப்பா திரும்பவும் அவள் தலைமாட்டுக்கு வந்துவிட்டது.

பல்பிட்டுக்குத் திரும்பி வருகிறேன். எங்கள் தெருப் பையன் ஒருவன் ஆபரேட்டராக இருக்கிறான், என்னைப் பெரியப்பா என்றுதான் கூப்பிடுவான். நைட் ஷிப்ட் எப்படிப் போகிறது என்று கேட்டேன்.

“பன்னெண்டு மணிக்கு மேல ஸ்க்ரீன் எதிர்ல இருக்கும் பெரியப்பா, ஆனா நான் பாக்கலை. அலாரம் அடிச்சாதான் பாக்கறேன்.”

“பிரேக்ல என்னடா பண்றே?”

“போன்தான். மூஞ்சை அதுல வச்சிக்கினாதான் தூக்கம் வராது.”

அவன் சொன்ன முதல் வாக்கியத்தை இங்கிலாந்தில் நார்மன் மேக்வொர்த் 1948-லேயே ஆராய்ந்து வெளியிட்டுவிட்டார். போர்க்காலத்தில் ராடார் திரையைப் பார்த்துக்கொண்டிருந்த வீரர்கள், நேரம் போகப் போக எதிரே தெரியும் புள்ளியையே தவறவிட்டார்கள். கடிகாரம் போன்ற ஒரு வட்டில் முள் துள்ளித் துள்ளி நகரும், எப்போதாவது ஒருமுறை இரட்டைத் துள்ளல் துள்ளும். அதைக் கண்டதும் பொத்தானை அழுத்த வேண்டும், அவ்வளவுதான் அவர் வைத்த சோதனை. அரை மணி நேரத்துக்குள்ளாகவே கவனம் சரியத் தொடங்கியது. அரை மணி வேலை, அரை மணி ஓய்வு என்று மாற்றி மாற்றி விட்டபோது சரியவில்லை. ரோலிங் மில்லின் பல்பிட் அந்த வட்டைவிடக் கடினம். ஒரு முள் இல்லை, பல திரைகள். கேமரா படம், மோட்டார் ஆம்பியர், தண்ணீர் அழுத்தம், ஃபர்னஸ் சூடு, நடுநடுவே அவசரமில்லாத அலாரங்களும் அவசரமான அலாரங்களும் ஒரே குரலில். இதைப் பார்த்துக் களைத்த அதே கண்களும் அதே கவனமும்தான் இடைவேளையில் இன்னொரு திரைக்குப் போகின்றன. கை மட்டும் ஓய்கிறது, கைக்கோ முதலிலேயே வேலை இல்லை.

பையன் போனை எடுப்பதற்காக அவனைக் கடிந்துகொள்ள எனக்கு மனம் வரவில்லை. வெறுமனே இருப்பது மனிதர்களுக்குச் சுலபமல்ல. வர்ஜீனியா பல்கலைக்கழகத்தின் திமோத்தி வில்சன் குழு 2014-இல் வெளியிட்ட சோதனை ஒன்றில், ஆட்களைக் கால் மணி நேரம் தனியறையில் தங்கள் எண்ணங்களோடு மட்டும் உட்கார வைத்தார்கள். வேண்டுமானால் தனக்குத்தானே லேசான மின் அதிர்ச்சி கொடுத்துக்கொள்ள ஒரு பொத்தான் இருந்தது. அந்த அதிர்ச்சியைத் தவிர்க்கக் காசுகூடக் கொடுப்போம் என்று முன்பே சொன்னவர்களில், 18 ஆண்களில் 12 பேரும் 24 பெண்களில் 6 பேரும் சும்மா இருக்க முடியாமல் பொத்தானை அழுத்தினார்கள். எங்களுக்குப் புங்க மரத்தடியில் பொத்தான் இல்லை, எனவே கிடந்தோம். எங்கள் மனக்கட்டுப்பாடு பெரிது என்று நாங்கள் பெருமை பேச அதில் ஒன்றுமில்லை.

இன்னொன்றும் கவனித்திருக்கிறேன். ஷிப்ட் தொடங்கும் முன் டூல்பாக்ஸ் டாக் என்று பத்து நிமிடம் பேசுவார்கள்: இன்றைக்கு எந்த ஸ்டாண்டில் வேலை, எந்த வால்வைத் தொடக்கூடாது, கிரேன் எந்தப் பக்கம் வரும். எங்கள் நாளில் பேச்சு முடிந்ததும் டைம் ஆபீசிலிருந்து ஷெட்டின் கடைசி வரை நடந்து போவோம். அந்த நடையில் பேசியதெல்லாம் உள்ளே இறங்கும். எடின்பரோவில் மிகேலா டூவார் குழு 2012-இல் முதியவர்களிடம் காட்டியதும் இதைத்தான். ஒரு கதையைக் கேட்டபின் இருட்டறையில் கண்மூடிப் பத்து நிமிடம் இருந்தவர்களுக்கு, கேட்டவுடன் ஒரு விளையாட்டில் இறங்கியபோது இருந்ததைவிடக் கதை கூடுதலாக நினைவில் நின்றது, ஒரு வாரம் கழித்தும் நின்றது. இப்போது பேச்சு முடிகிற நொடியே போன் வெளியே வருகிறது. மதியத்துக்குள் “எந்த வால்வுண்ணே சொன்னாங்க?” என்று கேட்கும் பிள்ளைகளை மந்தபுத்தி என்று திட்டுகிற சூப்பர்வைசர்களைப் பார்த்திருக்கிறேன். மந்தம் பிள்ளைகளிடம் இல்லை. கேட்டது உள்ளே இறங்க அவர்களுக்கு அந்த நடை கிடைக்கவில்லை.

போனைப் பற்றிப் பேசினால் பேட்டையில் வேலை செய்யும் பீகார், ஒடிசா, ஜார்க்கண்ட் பிள்ளைகளைப் பற்றிப் பேசாமல் தீராது. லைன் வீட்டில் ஒரே அறையில் மூன்று ஷிப்ட் ஆட்களும் இருப்பார்கள். ஒருவர் தூங்கும்போது இன்னொருவர் வேலையிலிருந்து திரும்புவார், மூன்றாமவர் சமைப்பார். அறையில் எந்நேரமும் ஏதோ ஒரு போன் பாடிக்கொண்டிருக்கும். பகலில் தூங்க வேண்டிய நைட் ஷிப்ட்காரன் காதில் துணியை அடைத்துக்கொண்டு படுப்பான். ஆனால் அந்தப் போன்தான் அவனுக்கு அம்மா முகம். இரவு சமையலுக்கு வெங்காயம் நறுக்கிக்கொண்டே வீடியோ காலில் ஊரில் இருக்கும் மகனுக்குப் பாடம் கேட்கிற ஒரு ஹெல்பரை எனக்குத் தெரியும். அவன் போனை வாங்கி வைக்கச் சொல்கிற அறிவுரையை நான் ஏற்கமாட்டேன். அம்மாவிடம் பேசி முடித்தபின் ஓடிக்கொண்டே இருக்கிற அந்த ஒரு மணி நேரம்தான் பிரச்சினை, தூங்க வேண்டிய நேரத்தை அதுதான் தின்கிறது. அவனுக்கு வேண்டியது தூங்க ஒரு தனி அறை, இருட்டான அறை. அதைக் கொடுக்காமல் போனைக் குறை சொல்வது நியாயமே இல்லை.

நிர்வாகங்களும் இதில் பங்காளிகள். ஷிப்ட் பட்டியல் முன்பு நோட்டீஸ் போர்டில் ஒட்டப்படும், கேட்டைத் தாண்டினால் ஆலை முதுகுக்குப் பின்னால் போய்விடும். இப்போது வாட்ஸ்அப் குரூப்பில் ராத்திரி பத்து மணிக்கு வருகிறது, நாளைக்கு யாருக்கு ஷிப்ட் மாற்றம் என்று. பார்த்ததற்கு நீல டிக் விழாவிட்டால் காலையில் கேள்வி. வேலை நேரத்துக்குப் பின் செய்திக்குப் பதில் சொல்லாமல் இருக்கும் உரிமையைப் பிரான்ஸ் 2017-இல் சட்டத்தில் கொண்டுவந்தது. நம் மக்களவையில் சுப்ரியா சுலே அப்படி ஒரு தனிநபர் மசோதாவைக் கொண்டுவந்தார், அது சட்டமாகவில்லை. தமிழ்நாட்டில் 2023 ஏப்ரலில் பன்னிரண்டு மணி நேர வேலைக்கு வழிவிடும் திருத்த மசோதா சட்டமன்றத்தில் நிறைவேறியதும், தொழிற்சங்கங்கள் எதிர்த்ததும், மே தினத்தன்று அதைத் திரும்பப் பெறுவதாக முதல்வர் அறிவித்ததும் எல்லோருக்கும் நினைவிருக்கும். மணிக்கணக்குக்காக நாம் ஒன்றுசேர்ந்து நின்றோம், சரியாகவே நின்றோம். அந்த மணிக்குள் இருக்கும் அரை மணியைத் திரை விழுங்கியபோது யாரும் கொடி பிடிக்கவில்லை, நாமே சிரித்த முகத்தோடு கொடுத்துவிட்டோம்.

மார்ச் 4 தேசியப் பாதுகாப்பு நாளன்று ஆலைகளில் உறுதிமொழி எடுப்பார்கள். அன்று பழைய ஆட்களைப் பேசக் கூப்பிடுவது எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம். ஹெல்மெட் பற்றியும் ஷூ பற்றியும் பேச வேறு ஆட்கள் இருக்கிறார்கள் என்பதால், போன முறை நான் பல்பிட் பற்றிப் பேசினேன். இடைவேளை அறையில் டிவி வேண்டாம், அதற்குப் பதில் ஷெட்டுக்குப் பின்னால் மரம் வையுங்கள், பெஞ்சு போடுங்கள். போனுக்கு லாக்கர் கொடுங்கள், வீட்டில் அவசரம் என்றால் அழைக்க டைம் ஆபீஸ் எண் இருக்கட்டும். ஷிப்ட் பட்டியல் சாயங்காலம் ஆறு மணிக்குள் வந்துவிடட்டும். பல்பிட்டில் ஒரே ஆளை மணிக்கணக்காக உட்கார வைக்காமல் ரிலீவர் போடுங்கள், இறங்கி வந்தவர் கொஞ்ச நேரம் திரையே பார்க்காமல் ஷெட்டுக்கு வெளியே நடக்கட்டும்.

கூட்டம் முடிந்ததும் மேனேஜர் ஒருவர் நல்ல முறையிலேயே கேட்டார், “ரிலீவர் சம்பளம் யார் சார் கொடுப்பாங்க?” கேட்க வேண்டிய கேள்விதான். ஒரு கோபிளுக்கு ஆகும் செலவைக் கணக்குப் போடச் சொன்னேன். மில் நிற்கும், ஸ்டாண்டுக்குள் சிக்கிய இரும்பை கேஸ் கட்டர் வைத்துத் துண்டு துண்டாக வெட்டி எடுக்க வேண்டும், அத்தனையும் ஸ்கிராப், அதற்குள் ஃபர்னஸில் காத்திருக்கும் பில்லெட் எரிபொருளைத் தின்றுகொண்டே இருக்கும். யாருக்காவது சூடு பட்டால் அதைப் பணத்தில் எழுத முடியாது. பல்பிட்டில் அலாரத்தைப் பார்க்கத் தாமதமானதால் வந்தவை எத்தனை என்று லாக் புக்கைத் திறந்து பாருங்கள், ரிலீவர் சம்பளத்தோடு அதை ஒப்பிட்டுப் பாருங்கள் என்றேன்.

அவர் பார்த்தார். இப்போது அங்கே நைட் ஷிப்டுக்கு மட்டும் ஒரு ரிலீவர் போட்டிருக்கிறார்கள். பகல் ஷிப்டுக்கும் வேண்டும் என்று தொழிலாளர் பக்கத்துப் பாதுகாப்புக் குழு எழுதிக் கொடுத்திருக்கிறது, அடுத்த கூட்டத்தில் எடுத்துக்கொள்வதாகச் சொல்லியிருக்கிறார்கள்.